மாரியில் பறவையும் காளானும்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளில் பறவைகளும் காளான்களும்தான் அதிகம். இரண்டையும் ஒரே காலத்தில், பல இடங்களில் ஒரே நடையில் பார்க்கலாம் என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம். காளான் பற்றிய பதில்களை மட்டும் தயவுசெய்து பாதியில் விடாமல் முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: புரட்டாதி, ஐப்பசியில் மட்டக்களப்பு வாவிக்கரைச் சேற்றில் சின்னச் சின்னப் பறவைகள் கூட்டமாக ஓடித் திரிகின்றன. மார்கழியில் போய்ப் பார்த்தால் ஒன்றையும் காணவில்லை. திரும்பிப் போய்விடுகின்றனவா? (வாசகர், கல்லடி)

போகவில்லை, இடம் மாறியிருக்கின்றன. ஆவணிக் கடைசியில் வரத் தொடங்கும் கரைப்பறவைகள் பங்குனி, சித்திரை வரை இங்கேதான் இருக்கும். அவற்றை நகர்த்துவது தண்ணீரின் ஆழம். கொசு உள்ளானும் சிறிய உப்புக்கொத்திகளும் ஈரச் சேற்றிலோ, விரல் நகம் நனையும் தண்ணீரிலோதான் இரை தேடும். பொறி உள்ளானுக்கு நாலைந்து சென்ரிமீற்றர் வரை சரி. கருவால் மூக்கனும் நெடுங்கால் உள்ளானும் அதைவிட ஆழத்திலும் இறங்கி நிற்கும். கார்த்திகை, மார்கழியில் வாவி நிரம்பியதும் கரைச்சேறு மூடப்பட்டுவிடுகிறது. கால் குட்டையான பறவைகளுக்கு அங்கே வேலையில்லை.

அப்போது அவற்றைத் தேட வேண்டிய இடம் வட்டை. உழுது, தண்ணீர் கட்டி, பயிர் இன்னும் உயராத வயல்கள்தான் அவற்றின் மாற்றிடம். பெரும்போகத்துக்கு உழவு நடக்கும்போது மெசினுக்குப் பின்னால் கொக்குகளும் நெடுங்கால் உள்ளான்களும் வரும், மேலே மீசை ஆலாக்கள் சுற்றும். நெல் முழங்கால் அளவுக்கு வளர்ந்துவிட்டால் இந்த இடமும் மூடிவிடும். பிறகு உப்புப் படிந்த திறந்த வெளிகளான உப்புத்தரவைகளிலும் குளங்களின் மேல்கரையில் தண்ணீர் மெலிந்து கிடக்கும் ஓரங்களிலும் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிழக்குக் கரையில் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் வேறு நாடுகளுக்காக எழுதப்பட்ட 'வற்று நேரம் பார்த்துப் போங்கள்' என்ற அறிவுரை இங்கே பெரிதாக உதவாது. வாவியின் மட்டத்தைத் தீர்மானிப்பது மழையும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரமும். வெள்ளம் கூடிப் பாலமீன்மடுப் பக்கமோ கல்லாற்றுப் பக்கமோ மணல்திட்டு உடைந்தால், அல்லது வெட்டிவிடப்பட்டால், வாவி இறங்கிச் சேறு திரும்ப வெளிப்படும். அதற்கு அடுத்த சில நாட்களில் கரைக்குப் போனால், அந்தப் பருவத்திலேயே நல்ல காட்சி கிடைக்கும். புதிதாக வெளிப்பட்ட சேற்றில் புழுபூச்சி நிறைய இருக்கும்.

வெளிச்சத்தையும் யோசியுங்கள். வாவி 56 கிலோமீற்றர் நீளம், வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. காலையில் எழுவான்கரையில் (கிழக்குக் கரை) நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், பறவையின் நிறம் தெரியும். மாலையில் படுவான்கரையில் (மேற்குக் கரை) நின்று கிழக்கே பாருங்கள். மாறி நின்றால் எல்லாமே கறுப்பு நிழலாகத் தெரியும். புதிதாகத் தொடங்குவோர் 'அடையாளம் காண முடியவில்லை' என்று சலித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: உள்ளானையும் பொறி உள்ளானையும் எப்படிப் பிரித்தறிவது? (க.பொ.த. உயர்தர மாணவி, கல்முனை)

உள்ளான் பின்பக்கத்தை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டும். மார்பின் பழுப்புக்கும் சிறகின் மடிப்புக்கும் இடையில் வெள்ளை நிறம் ஆப்பு வடிவில் மேலேறி நிற்கும். பறக்கும்போது தண்ணீரை ஒட்டி, சிறகை விறைப்பாக அடித்து அடித்துப் போகும். பெரும்பாலும் தனியாகத் திரியும். பொறி உள்ளானுக்கு முதுகு முழுவதும் வெளிர் புள்ளிகள், கண்ணுக்கு மேலே நீண்ட வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயலான கால்கள். கலைத்தால் 'சிவ்-இவ்-இவ்' என்று கத்திக்கொண்டு உயரக் கிளம்பும். அப்போது வாலடி வெள்ளையாகத் தெரியும். உட்கார்ந்திருக்கையில் சந்தேகம் இருந்தால் அது பறக்கும்வரை காத்திருங்கள். கல்லெறிந்து கிளப்பாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு தேவையற்ற பறப்பும் இழப்புத்தான்.

கேள்வி: புற்றுக்காளான் எப்போது, எங்கே கிடைக்கும்? பிடுங்கினால் அடுத்த வருசம் அதே இடத்தில் வருமா? (வாசகர், வெல்லாவெளி)

நீண்ட கோடைக்குப் பிறகு நல்ல மழை விழுந்து, மண் ஆழம் வரை நனைந்து, இடையில் ஒரு வெயில் அடித்தால் வரத் தொடங்கும். ஒரு தூறலுக்கு வராது. இது தானாக மண்ணில் முளைக்கும் காளான் அல்ல. கறையான்கள் புற்றுக்குள் செத்தையை மென்று, கழிவால் கடற்பஞ்சு போன்ற அடைகளைக் கட்டி, அதில் இந்தப் பூஞ்சணத்தை வளர்த்துத் தின்கின்றன. டெர்மிட்டோமைசிஸ் என்ற இந்த இனம் கறையான் புற்றோடு மட்டுமே வாழும். மழையில் அந்த அடைகளிலிருந்து காளான் மேலே கிளம்புகிறது. அதனால் புற்று உயிரோடு இருக்கும்வரை அதே இடத்தில் வருசா வருசம் எதிர்பார்க்கலாம். புற்றை வெட்டினாலோ மண்ணெண்ணெய் ஊற்றினாலோ காளானும் முடிந்தது.

பெரிய வகையின் அடையாளங்கள் இவை: குடையின் நடுவில் கூரான குமிழ், குடைக்குக் கீழே தகடுதகடாக உள்ள அடிமடிப்புகள் தண்டைத் தொடாமல் நிற்பது, முதலில் வெள்ளையாக இருந்து பிறகு இளஞ்சிவப்புச் சாயல் பெறுவது, நார்போல் உறுதியான தண்டு, அந்தத் தண்டு மண்ணுக்குள் நீண்ட வேர்போல இறங்கிப் புற்றின் அடையைத் தொடுவது. கடைசி அடையாளம்தான் முக்கியம். ஆகவே ஓர் இடத்தில் முதல் காளானை மட்டும் பக்கத்து மண்ணைக் குச்சியால் மெதுவாக விலக்கி, 20 – 30 சென்ரிமீற்றர் வரை தொடர்ந்து பாருங்கள். வேர்போன்ற வால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அடியில் பை, முட்டைக்கோது போன்ற உறை, வீங்கிய கிழங்கு எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். சரியென்று தெரிந்த பிறகு மற்றவற்றை மண் மட்டத்தில் கத்தியால் வெட்டினால் போதும். நூற்றுக்கணக்கில் வெள்ளைக் கம்பளமாகப் படரும் மிகச் சிறிய புற்றுக்காளானும் உண்டு. அதற்கு நீண்ட வேர் இராது. பழகியவர் பக்கத்தில் இல்லாமல் அதை எடுக்க வேண்டாம்.

நன்றாக விரிந்த குடைகளில் சிலவற்றை விட்டுவிட்டு வாருங்கள். இவ்வகைகளில் பெரும்பாலானவற்றில், புதிதாகப் புற்று வைக்கும் கறையான்கள் காளானின் வித்திகளை (விதைபோல் பரவும் நுண்தூள்) வெளியிலிருந்துதான் பொறுக்கிக்கொள்கின்றன. எல்லாவற்றையும் மொட்டிலேயே வெட்டிவிட்டால் புதுப் புற்றுகளுக்கு வித்து கிடைக்காது. கோயில் புற்றுகளையும் மஞ்சள் தூவிய புற்றுகளையும் தொட வேண்டாம். புற்று ஓட்டைக்குள் கை விடாதீர்கள். நாகமும் புடையனும் மழைக்கு அங்கே ஒதுங்கும்.

பிடுங்கியதைப் பன்பைக்குள்ளோ ஓலைக்கூடைக்குள்ளோ போடுங்கள். சொப்பிங் பையில் கட்டினால் வேர்த்து, மதியத்துக்குள் குழைந்துவிடும். கெட்டுப்போன நல்ல காளானும் வயிற்றைக் கலக்கும். அன்றைக்கே, நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுவிட வேண்டியது இது.

கேள்வி: காளானோடு உள்ளி அல்லது வெள்ளிக்காசு போட்டு அவிக்க, கறுத்தால் நஞ்சு, கறுக்காவிட்டால் நல்லது என்று எங்கள் அம்மம்மா சொல்வார். இது சரியா? (வாசகி, அக்கரைப்பற்று)

சரியல்ல. இதை நம்பிச் சமைப்பது உயிருக்கு ஆபத்து. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்வைகளால். கொல்லும் காளானில் உள்ள நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உள்ளி, அரிசி, மஞ்சள் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். 'புழு தின்றது, அணில் தின்றது, ஆகவே நாமும் தின்னலாம்' என்பதும் தவறு. மனிதரின் ஈரலை அழிக்கும் நஞ்சு அவற்றைப் பாதிக்காமல் இருக்கலாம். தோல் உரிந்தால் நல்லது என்பதும், உப்புத் தண்ணீரில் அவித்து ஊற்றினால் நஞ்சு போய்விடும் என்பதும் அப்படியே. அமனிற்றா என்ற காளான் இனத்தின் கொடிய வகைகளில் உள்ள நஞ்சு கொதிக்க வைத்தாலும் காயப்போட்டாலும் குளிரூட்டினாலும் அழியாது.

தனியோர் அடையாளத்தை வைத்து எந்தக் காளானையும் ஒத்துக்கொள்ளக்கூடாது. முளைத்த இடம், குடை, அடிமடிப்பு, தண்டின் வளையம், மண்ணுக்குள் உள்ள அடிப்பகுதி, வித்தியின் நிறம் என்று ஆறும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் விடுங்கள்.

வித்தியின் நிறம் பார்ப்பது எளிது. விரிந்த குடையின் தண்டை ஒட்ட நறுக்கிவிட்டு, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான கடதாசியில் வையுங்கள். மேலே ஒரு துளி தண்ணீர் விட்டு, கண்ணாடிக் கிளாசால் மூடுங்கள். இரவு வைத்தால் காலையில் தூள் விழுந்திருக்கும். வெள்ளைக் கடதாசி மட்டும் வைத்தால் வெள்ளை வித்தி தெரியாமல் போய்விடும், அதனால்தான் இரண்டு நிறம்.

நமது பக்கம் அதிகம் ஏமாற்றுவது பச்சை வித்திக் காளான், குளோரோஃபிலம் மொலிப்டைட்டிஸ். மழைக்குப் பிறகு விளையாட்டு மைதானப் புல்லிலும் வளவுப் புல்லிலும் எருக்குவியலோரமும் வரும். பெரிய வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். பார்க்க அழகாக, சாப்பிடத் தூண்டுவதாக இருக்கும். இளசில் மடிப்பு வெள்ளைதான், முதிரும்போதுதான் சாம்பல் பச்சையாகும். வித்தித் தூளும் பச்சை. சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். சிறுபிள்ளைகளுக்கு நீரிழப்பு ஆபத்தானது.

அடியில் பையும் தண்டில் வளையமும் வெள்ளை வித்தியும் சேர்ந்திருந்தால் அது அமனிற்றாவாக இருக்கலாம். தொட்டதால் ஒன்றும் ஆகாது, சமையலுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். இளஞ்சிவப்பு வித்தி இருந்தாலே நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நஞ்சுள்ள என்ரொலோமா வகைகளின் வித்தியும் இளஞ்சிவப்புத்தான். அவற்றில் மடிப்பு பெரும்பாலும் தண்டோடு ஒட்டியிருக்கும்.

சாப்பிட்ட பிறகு சந்தேகம் வந்தால் நேரத்தைக் குறித்துவைத்து உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். மிஞ்சிய காளானையும், கறியாக இருந்தால் கறியையும் கடதாசிப் பையில் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு வாந்தி தொடங்கினால் அதுதான் அதிகம் பயப்பட வேண்டிய நிலை. அமனிற்றா நஞ்சில் மறுநாள் எல்லாம் நின்று சுகமானதுபோல் தோன்றும், அதன் பிறகுதான் ஈரல் பழுதாவது வெளிப்படும். அந்தச் சுகத்தை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: வைக்கோல் போரில் முளைத்திருப்பதைச் சாப்பிடலாமா? (வாசகர், சம்மாந்துறை)

வைக்கோல் காளான் நல்ல உணவுதான், கடைகளில் விற்பதும் உண்டு. ஆனால் அதற்கும் அடியில் பை இருக்கும் என்பதுதான் சிக்கல். மொட்டாக இருக்கும்போது அதையும் அமனிற்றா மொட்டையும் பிரிக்கப் புதியவரால் முடியாது. ஆகவே மொட்டில் பறிக்காமல், ஒன்றையாவது விரியவிட்டு, தண்டில் வளையம் இல்லை, வித்தி இளஞ்சிவப்பு என்று இரண்டையும் உறுதிசெய்யுங்கள். மக்கும் வைக்கோலில்தான் முளைத்ததா, பக்கத்து மர வேரோரத்து மண்ணிலா என்றும் பாருங்கள். அதே போரில் மெல்லிய சாம்பல் நிற மைக்குடைக் காளானும் வரும். ஒரு நாளில் கறுத்து உருகி மையாக வடிந்துவிடும். அதைச் சேர்க்க வேண்டாம். அந்த இனத்தில் சில, மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கச் செய்யும்.

மருந்தடித்த வயலின் வைக்கோல் என்றால் எந்தக் காளானும் வேண்டாம். மாட்டுச் சாணியில் முளைப்பவற்றையும் விடுங்கள், அவற்றில் மூளையை மயக்குபவை உண்டு.

கேள்வி: ஐப்பசியில் ஒருநாள் காலை, பச்சை முதுகும் வயிற்றில் சிவப்பும் உள்ள வால் குட்டையான குருவி ஒன்று விறாந்தையில் விழுந்து கிடந்தது. தண்ணீர் பருக்கினோம், செத்துவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

அது ஆறுமணிக்குருவி. இந்தியாவில் இனம்பெருக்கிவிட்டு, இரவிலேயே பறந்து இங்கே வரும். வந்து சேரும் புரட்டாதி, ஐப்பசியில் களைத்து, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதுவது வழக்கம். உங்கள் மனம் நல்லது, ஆனால் அலகைத் திறந்து தண்ணீர் விடும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கண்ணாடியில் மோதியதும் உள்காயமாக இருந்திருக்கலாம். உங்களையே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த முறை ஒரு சப்பாத்துப் பெட்டியில் நாலைந்து ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, பறவையை வைத்து மூடுங்கள். பூனையும் பிள்ளைகளும் வராத இருட்டான அறையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள். உணவும் தண்ணீரும் வேண்டாம், திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். உள்ளே தத்தும் சத்தம் கேட்டால் பெட்டியை வளவின் மரநிழலுக்குக் கொண்டுபோய், நிலத்தில் வைத்துத் திறந்துவிட்டு விலகுங்கள். அது நிலத்தில் சருகைக் கிளறி வாழும் குருவி, ஆகாயத்தை நோக்கி எறியக்கூடாது. சிறகு தொங்கினாலோ இரத்தம் வந்தாலோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கூட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படியும் குற்றம். இரவில் வெளி விளக்குகளை அணைத்துவைப்பது இந்த இரண்டு மாதமும் செய்யக்கூடிய பெரிய உதவி. வளவுச் சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் விட்டால், பங்குனி வரை காலை மாலை அதன் குரலைக் கேட்கலாம்.

கேள்வி: வெள்ளை நீள வால் உள்ள ஈப்பிடிப்பானும் செம்பழுப்பு நீள வால் உள்ளதும் ஆணும் பெண்ணுமா? (வாசகர், திருக்கோவில்)

இல்லை, நீள வால் உள்ள இரண்டும் ஆண்கள். இலங்கையிலேயே வாழும் இனத்தின் ஆண் கடைசிவரை செம்பழுப்புத்தான். மாரியில் இந்தியாவிலிருந்து வரும் இனத்தின் முதிர்ந்த ஆண் வெள்ளையாகிவிடும். அந்த இனத்தின் இளம் ஆணும் செம்பழுப்பாக இருப்பதால், மாரிக் காலத்தில் செம்பழுப்பு வாலைக் கண்டு 'இது நம்மூர்ப் பறவை' என்று எழுதிவிட வேண்டாம். பெண்களுக்கு வால் குட்டை.

கேள்வி: பைனாகுலர் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தும் போகவில்லை. (வாசகர், அம்பாறை)

அதுவும் பூஞ்சணம்தான். கண்ணாடியின் உட்பக்கத்தில் இருப்பதால் வெளியே துடைத்துப் பயனில்லை. ஆரம்பத்திலேயே கண்ணாடி திருத்துபவரிடம் கொடுத்தால் கழுவிவிடுவார். நாளானால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சைத் தின்று நிரந்தரத் தழும்பாக்கிவிடும். மாரி முழுவதும் ஈரம் கூடிய ஊர் இது. அதனால் தோல் உறையிலும் அலுமாரிக்குள்ளும் வைக்காதீர்கள். காற்றுப் புகாத மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது ஈரம் ஏறியது என்று தெரியும். நிறம் மாறியதும் போறணையில் 110 – 120 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் காயவைத்துத் திரும்பப் போடலாம். மழையில் நனைந்து வந்தால் நேரே பெட்டிக்குள் பூட்டாமல் முதலில் காற்றாட ஓர் இரவு விடுங்கள். துடைக்கும்போது முதலில் ஊதி மணலை அகற்றுங்கள். சேட்டு நுனியால் துடைத்தால் கடற்கரை மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.

புதிதாக வாங்குவதானால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர்) போதும். 10×42 பெரிதாகக் காட்டும், கை நடுக்கத்தையும் பெரிதாக்கும்.

கேள்வி: குளங்களில் தாராக்கள் எல்லாம் பழுப்பாகவே தெரிகின்றன. புத்தகத்தில் உள்ள நிறங்கள் எங்கே? (வாசகர், உன்னிச்சை)

வந்து இறங்கும் காலத்தில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி இரண்டின் ஆண்களும் இறகு உதிர்த்துப் பெண்ணைப்போல மங்கலாக இருக்கும். மார்கழி, தை வரை பொறுங்கள், நிறம் ஏறிவிடும். அதுவரை வடிவத்தைப் பாருங்கள்: நீண்ட மெல்லிய கழுத்து, கூரான வால், சாம்பல் அலகு என்றால் ஊசிவால். சிறியதாக, முகத்தில் கோடுகோடாக இருந்தால் நீலச்சிறகி. வருசம் முழுக்க நிற்கும் சீழ்க்கைச் சிறகி செம்பழுப்பு. பறக்கும்போது கால் பின்னே நீளும், சீழ்க்கை அடிக்கும்.

கேள்வி: விடியமுதல் காட்டோரம் போனால்தான் காளான் மற்றவர் கைக்குப் போகாமல் கிடைக்கும் என்கிறார்கள். யானைப் பயம் இருக்கிறது. எந்த நேரம் நல்லது? (வாசகர், வவுணதீவு)

விடியமுதல் போகவே வேண்டாம். இரவில் வயலுக்கு வந்த யானைகள் காட்டுக்குத் திரும்பும் நேரம் அதுதான். மழைச் சத்தத்தில் உங்களுக்கு அதன் நடை கேட்காது, நனைந்த புதரில் அருகில் நின்றாலும் தெரியாது. ஆறு மணி முதல் எட்டரை வரை திறந்த குளக்கட்டிலோ வாவிக்கரையிலோ பறவை பாருங்கள், அதற்கும் அதுவே நல்ல நேரம். வெயில் ஏறிய பிறகு, இரவு காவலுக்கு வயல்வாடியில் இருந்தவர்களிடம் யானை எந்தப் பக்கம் போனது என்று கேட்டுவிட்டு, குறைந்தது மூன்று பேராகக் காட்டோரம் போங்கள். சூடான இலத்தியைக் கண்டால் திரும்பிவிடுங்கள். குனிந்து தேடும்போது ஒருவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குளத்தோரம் இறங்கிக் காளான் கழுவாதீர்கள், முதலை உண்டு.

கேள்வி: மார்கழி விடுமுறையில் குமணவுக்குப் போனால் பறவைகள் கூடுகட்டுவதைப் பார்க்கலாமா? அங்கே காளானும் எடுக்கலாமா? (ஆசிரியர், பொத்துவில்)

கூடுகட்டும் காட்சிக்கு மார்கழி பொருந்தாது. குமண வில்லில் (ஆழமற்ற சதுப்பு நீர்நிலை) நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூட்டமாகக் கூடு வைப்பது சித்திரை முதல் ஆடி வரை, வைகாசி ஆனியில் உச்சம். மாரியில் பார்க்கக் கிடைப்பது வலசை வந்த கரைப்பறவைகளும் தாராக்களும். ஆனால் கடும் மழையில் உள்வீதிகள் சேறாகிவிடும் என்பதால் புறப்படும் முன் பூங்காவின் ஒக்கந்தை வாயிலில் நிலைமையை விசாரியுங்கள். மாணவர்களோடு போவதானால் தைக் கடைசி, மாசி நல்லது.

காளான் எடுக்க முடியாது. 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, பிறகு தேசியப் பூங்காவான இடம் அது. 2010 முதல் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலமும்கூட. பூங்காவுக்குள் செடி, காளான், இறகு எதையும் எடுத்துவருவது குற்றம். கல்லோயா பூங்காவுக்கும் இதே விதிதான். படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, மடிப்புத் தெரியக் கீழிருந்து ஒன்று, முளைத்த இடம் தெரிய ஒன்று, அளவுக்கு ஒரு பேனையைப் பக்கத்தில் வைத்து ஒன்று. பறவைகளை மாணவர்களைக் கொண்டே எண்ணவையுங்கள். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவால் கூட்டத்தை அளக்கலாம். திகதி, நேரம், இடம், எண்ணிக்கை நான்கையும் எழுதி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையத்தளத்தில் பதிவேற்றுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு வருசமும் ஜனவரி நடுப்பகுதியில் நடக்கிறது. பொத்துவில் களப்பில் ஒரு காலையை அதற்கு ஒதுக்கினால் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சியாக அமையும்.